துத்தமும் துத்தநாகமும்

எங்கள் பக்கம் பேட்டரியைக் கட்டை என்றுதான் சொல்வோம். டார்ச் லைட்டுக்குப் பெரிய கட்டை, என் வீட்டுக்காரரின் காது மெஷினுக்குச் சின்னக் கட்டை. "கட்டை தீந்து போச்சு" என்பது எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய பேச்சு. இன்றைக்கு யாராவது டிவி ரிமோட்டைத் தட்டிக்கொண்டே அதைச் சொன்னால்கூட நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் தறி ஷெட்டில் அவருக்கு வேலை. நான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தபோதே பாதிக் காது போயிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று நான் பேர் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே "ஆமாமா" என்றார். வெட்கப்படுகிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். வெட்கமாவது மண்ணாவது, அவருக்குக் கேட்கவே இல்லை. எங்களுக்கு மகள் பிறந்து அவள் பேச ஆரம்பித்த வருஷம் மிச்சக் காதும் அடைத்துப்போனது. மில்லில் பாவு நூலை விறைப்பாக்கப் போடுகிற கஞ்சியைக் காய்ச்சுகிற இடத்துக்கு அவரை மாற்றினார்கள். "கஞ்சிக்குக் காது எதுக்கு? கண்ணும் மூக்கும் இருந்தாப் போதும்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார்.

மதுரையில் ஒரு டாக்டர் அந்த மெஷினை மாட்டிவிட்டார். சோப்புப் பெட்டி மாதிரி ஒன்று சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். அதைத் திருப்பினால் ஆன், பின்னால் தள்ளினால் ஆஃப். உள்ளே ஒரே ஒரு சின்னக் கட்டை. கடைகளில் கிடைத்ததெல்லாம் எந்தக் காலத்திலோ வந்து தூங்கிய சரக்கு. போட்ட மூன்றாம் நாளே கம்மிப் போகும். பாதிப் பேச்சில் சத்தம் போய்விடும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆகும் பாருங்கள், அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. பேசுகிறவரின் வாயையே பார்த்தபடி சிரிப்பார், அன்றைக்குப் பெண் பார்க்க வந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

அதனால் மிச்சம் பிடிக்க ஆரம்பித்தார். மில்லில் ஆஃப். ரோட்டில் ஆஃப். சாயங்காலம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாட்டும் கதையும் சொல்லும்போது மட்டும் சக்கரத்தைத் திருப்புவார். அவள் பேசி முடித்ததும் மறுபடி ஆஃப். எனக்காக ஒரு நாளும் திருப்பியதில்லை.

"ஒனக்கு எதுக்குட்டி கட்டைய வீணாக்கணும்? ஒன் சத்தத்துக்கு மில்லுச் சங்கே தோத்துரும்" என்பார்.

உண்மைதான். எனக்குத் தொண்டை பெரிசு, வாய் அதைவிட நீளம். அவர் எதிரில் நின்று வாயை அசைத்துக் கத்தினால் பாதி காதிலும் பாதி கண்ணிலுமாகப் பிடித்துக்கொள்வார். ஆனால் அவர் திரும்பி நின்றால் ஒன்றும் தெரியாது. இதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவர் முதுகுக்குப் பின்னால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிடுவேன். அதில் அடிக்கடி வந்தது இதுதான்: "இந்தச் செவிட்டுக்குக் கழுத்த நீட்டுனதுக்கு ஒரு கெணத்துல விழுந்திருக்கலாம்." பால் பொங்கினால் சொல்வேன், பஸ் போய்விட்டால் சொல்வேன். அதில் ஒரு அர்த்தமும் கிடையாது. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கை தானாகப் போட்டுவிடும்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மாணவிகளுக்குக் குடுவை எடுத்துக் கொடுப்பது, அமிலம் சிந்தினால் கத்துவது, இதெல்லாம் என் வேலை. கூடவே மேல்படிப்புக்கும் பதிந்திருந்தேன். என் பேராசிரியர் நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஆராய்ச்சிக்கு என்ன எடுக்கலாம் என்று அவர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "சார், தீந்துபோன கட்டைய மறுபடி சார்ஜ் ஏத்துற மாதிரி செய்ய முடியுமா?" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரை அவருக்குத் தெரியும்.

சின்னக் கட்டையின் மேல்தகட்டைக் கழற்றினால் அதற்குள் இருக்கிற குப்பி துத்தநாகம். நடுவில் ஒரு கரிக்குச்சி, அதைச் சுற்றிக் கறுப்பு மாவு, இரண்டுக்கும் நடுவில் உப்புக் கரைசல் ஊறிய பசை. மின்சாரம் எடுக்க எடுக்கத் துத்தநாகம் கரைசலில் கரையும். மறுபடி மின்சாரம் ஏற்றினால் கரைந்தது திரும்பிவந்து குப்பியில் ஒட்டவேண்டும். ஒட்டும்தான், ஆனால் சமமாக ஒட்டாது. அங்கங்கே முள் முள்ளாக முளைக்கும். ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏற்றும்போதும் முள் கொஞ்சம் நீளும். ஒரு நாள் அந்தப் பக்கத்துக் கறுப்பு மாவைப் போய்த் தொட்டுவிடும். அத்தோடு கட்டையின் கதை முடிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த பாய் எனக்காகத் தீர்ந்த கட்டைகளைச் சேர்த்து வைப்பார். ஒழுகாததாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவருவேன். "டீச்சர், ஊரெல்லாம் தூக்கிப்போடுறத நீங்க ஒருத்தர்தான் கும்பிட்டு வாங்கிட்டுப் போறீய" என்று சிரிப்பார். அந்தக் குப்பிகளைக் கழுவி, உள்ளே மருத்துவக் கட்டுத்துணியை நான்கு மடிப்பாகச் சுற்றி, துத்தநாக உப்புக் கரைசலை ஊற்றி, புதுக் கறுப்பு மாவை அடைத்து, மேலே மெழுகு வைத்து மூடுவேன். கட்டுத்துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? சுற்றுவட்டாரம் முழுக்க அதைத்தான் நெய்கிறார்கள். ஆனால் அது கண்ணி கண்ணியான துணி. முள்ளுக்கு அது ஜன்னல் திறந்துவைத்த மாதிரி. எட்டுத் தடவை, பத்துத் தடவை சார்ஜ் ஏற்றினாலே கட்டை செத்துவிடும்.

தண்ணீராக இருப்பதால்தான் முள் இஷ்டத்துக்கு ஓடுகிறது, கரைசலைக் கெட்டியாக்கிப் பார் என்றார் பேராசிரியர். கடையில் ஸ்டார்ச் வாங்கிக் காய்ச்சினேன். ஆறியதும் அது தண்ணீர் விட்டுவிட்டது. மேலே தண்ணீர், கீழே கட்டி. மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்பில் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவர் வந்து எட்டிப் பார்த்தார். கரண்டியை வாங்கி ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்த்தார்.

"என்னட்டி இது, சீக்காளிக்குக் காய்ச்சுன மாதிரி?" என்றார். "இதுல பாவு போட்டா நூலெல்லாம் கொட்டிப் போகும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "நான் என்ன உங்க மில்லுக்கா காச்சுதேன்? இது பேட்டரிக்கு!" என்று கத்தினேன்.

"எதுக்கா இருந்தா என்ன, கஞ்சி கஞ்சிதான?" என்றார். "புளியங்கொட்டை மாவு கலக்கு. தண்ணி விடாது."

மறுநாள் வறுத்துத் தோல் நீக்கி இடித்த புளியங்கொட்டை மாவைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். தானே அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். நான் துத்தநாக உப்பைப் பொட்டலமாக நிறுத்துக் கொடுத்தேன். எந்தச் சூட்டில் மாவைத் தூவுவது, எப்போது உப்பைப் போடுவது, எப்போது கிண்டுவதை நிறுத்துவது, எல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. ஆறியபோது அது அல்வாப் பதத்துக்கும் கஞ்சிப் பதத்துக்கும் நடுவில் ஒரு பதமாக நின்றது. ஒரு வாரம் கழித்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. கட்டுத்துணியில் அதை அப்பிக் கட்டை செய்தேன். பத்தைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. முப்பதாவது தடவை சார்ஜ் ஏறியபோது பரிசோதனைக் கூடத்தில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு கட்டையை அறுத்துப் பார்த்தேன். முள் இருந்தது. ஆனால் குட்டையாக, மழித்த மறுநாள் தாடி மாதிரி, நீள வழியில்லாமல் கஞ்சிக்குள்ளேயே நின்றிருந்தது.

புரட்டாசி சனிக்கிழமையன்று முதல் கட்டையை அவர் மெஷினில் போட்டேன். மூன்று பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து அங்கிருந்து பக்கத்திலிருக்கிற திருவண்ணாமலைக்குப் போனோம்; சிவன் கோயில் ஊர் இல்லை, இது எங்கள் பக்கத்துப் பெருமாள் மலை. பெருமாளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. காலையில் திருப்பிய சக்கரத்தை அவர் சாயங்காலம்வரை தொடவில்லை. "நாளைக்குத் தீந்துட்டா மறுபடி ஏத்திக்கலாம், சும்மா கேளுங்க" என்று நான்தான் சொன்னேன். படியேறும்போது கோவிந்தா சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். பாதிப் படியில் நின்று, கீழே யாரோ தேங்காய் உடைக்கிற சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். இத்தனை தூரத்திலிருந்து கேட்பது அந்தத் தேங்காய்ச் சத்தம்தானா என்று மகளிடம் கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டார். திரும்புகிற வழியில் பஸ்ஸுக்கு நின்றபோது நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். புளியோதரையில் உப்பு இல்லை, கடைசிப் படியில் ஒருத்தி என் சேலையை மிதித்துவிட்டாள், இப்படி ஏதோ. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கிறீய?"

"ஒண்ணுமில்ல. ஒன் சத்தம் நல்லாத்தான இருக்கு. இத்தன வருசமா கத்துறத மட்டும்தான கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். "பேசு, பேசு. கட்டதான் இருக்கே."

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒரு நான்கைந்து மாதம் வீட்டில் மெஷின் எப்போதும் ஆனில்தான் இருந்தது. எனக்குத்தான் சங்கடம். முதுகுக்குப் பின்னால் பேசிய பழக்கம் லேசில் போகுமா? வாய்வரை வந்ததை நாக்கைக் கடித்து விழுங்குவேன். முதலில் அவர் சட்டைப் பையைப் பார்ப்பேன், பிறகுதான் பேசுவேன்.

அந்த நேரத்தில்தான் பேராசிரியர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வெளியூர் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் கல்லூரிக்கு வருகிறார். அவர் பார்த்துச் சரி என்றால் என்னை அங்கே முழுநேர ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டு கட்டைகள் செய்து வை என்றார். அங்கே நல்ல இயந்திரங்கள் உண்டு. என் கட்டையை முப்பது நாற்பதில் நிறுத்தாமல் வருஷக்கணக்கில் ஓடவைக்கலாம். என் வீட்டுக்காரருக்கு இனிமேல் கட்டை தீரவே தீராது என்று மனசுக்குள் கோட்டை கட்டினேன்.

வீட்டிலிருந்த நல்ல கட்டைகளையெல்லாம் பிரித்துப் புதுக் கஞ்சி வைத்து அடைக்கப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போய்விட்டேன். அவரிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. உடனே பழைய புத்தி திரும்பிவிட்டது. மறுபடி மிச்சம் பிடிக்க ஆரம்பித்தார். நாளெல்லாம் ஆஃப், மகள் வந்தால் மட்டும் ஆன்.

பன்னிரண்டு கட்டைக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்ச வேண்டிய நாள். காலையில் எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உப்புப் பொட்டலத்தை வழக்கம்போல நிறுத்து வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். கரைசல் கொஞ்சம் வீரியமாக இருக்கட்டும் என்று கடைசி நிமிஷத்தில் தோன்றியது. திரும்பி அவரைப் பார்த்துக் கத்தினேன்: "இன்னைக்கு துத்தநாகம் கொஞ்சம் கூடப் போடுங்க!" 'துத்த' என்றபோது என் முகம் அவரைப் பார்த்து இருந்தது. 'நாகம்' என்றபோது செருப்பைத் தேடிக் குனிந்திருந்தேன். 'கொஞ்சம் கூடப் போடுங்க' என்று நிமிர்ந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நான் ஓடிவிட்டேன்.

சாயங்காலம் வந்தபோது கஞ்சி பதமாக ஆறியிருந்தது. பழுப்பு நிறம், நல்ல வழவழப்பு. எடுத்துப்போய்ப் பன்னிரண்டு கட்டையும் செய்தேன். சார்ஜும் ஏறியது.

அந்தப் பெரியவர் வந்தது மூன்றாம் நாள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்தியிருந்தேன். காலையில் பார்த்தபோதே இரண்டின் மெழுகு மூடி லேசாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்திவிட்டேன். அவர் வந்து நின்றபோது ஏழெட்டின் மூடி வாயைத் திறந்திருந்தது. உள்ளிருந்து நுரைத்துக்கொண்டு பழுப்பாக ஒழுகி வெள்ளைத் துணி நனைந்துகொண்டிருந்தது. பல்பு மாட்டிக் காட்ட ஒன்றை எடுத்தேன். எரியவில்லை. இன்னொன்று. எரியவில்லை. பேராசிரியர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். வந்தவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "நல்ல முயற்சிம்மா, ஆனா இது நிலைச்சு நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எல்லோரும் போனபிறகு ஒரு கட்டையை அறுத்தேன். துத்தநாகம் முழுக்கக் கறுஞ்சிவப்பாக ஒரு படலம். நகத்தால் சுரண்டினேன், பளிச்சென்று செம்பு நிறம். செம்பு எப்படி வந்தது? துத்தநாகத்தின் மேல் செம்பு படிந்தால் அது சும்மா இருக்கும்போதே வாயு விட்டுத் தன்னைத்தானே தின்று தீர்த்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கஞ்சியில் செம்பு எங்கிருந்து வரும்? பன்னிரண்டையும் ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் மில்லிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். நேரே போய் முகத்துக்கு முன்னால் நின்று, "கஞ்சில என்ன போட்டீய?" என்று கேட்டேன்.

"நீ சொன்னதத்தான் போட்டேன்" என்றார். "பொட்டலத்தப் போட்டேன். பொறவு நீ துத்தம் கொஞ்சம் கூடப் போடச் சொன்னல்லா? மில்லுல இருந்து எடுத்தாந்து ரெண்டு சிட்டிகை போட்டேன். நானே சொல்லணும்னு இருந்தேன், துத்தம் போட்டாத்தான் கஞ்சி பூசணம் பிடிக்காது." பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

துத்தம். மயில்துத்தம். நீலமாக, கல்லுக் கல்லாக இருக்குமே, அது. செம்பு உப்பு. பாவுக் கஞ்சி கெடாமலிருக்க அவர்கள் எப்போதும் போடுவது. நான் சொன்னது துத்தநாகம். அவர் கண்ணுக்கு வந்துசேர்ந்தது துத்தம். மெஷினை ஆன் செய்திருந்தால் முழு வார்த்தையும் கேட்டிருக்கும். ஆனால் அவர்தான் எனக்காக அதைத் திருப்ப மாட்டாரே.

நான் அவருக்கு ஒன்றும் விளக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு தூக்குவாளியோடு புறவாசலுக்குப் போனேன். கிணற்று வாளியை உள்ளே விட்டு இறைக்க ஆரம்பித்தேன். கப்பி கிரீச் கிரீச்சென்று கத்தியது. பன்னிரண்டு கட்டையையும் துவைகல்லில் கொட்டித் தண்ணீரை ஊற்றினேன். பழுப்பு நுரை ஓடியது. அவர் உள்ளேதான் இருக்கிறார், மெஷின் ஆஃபில்தான் இருக்கிறது. கிணற்றைப் பார்த்தே சொன்னேன். வழக்கமாகச் சொல்கிறதுதான், ஆனால் இந்தத் தடவை உப்புப் போடுகிற மாதிரி இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. "இந்தச் செவிட்டுக்குக் கழுத்த நீட்டுனதுக்கு ஒரு கெணத்துல விழுந்திருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இந்தா இருக்கு கெணறு."

திரும்பினால் புறவாசல் நிலையில் அவர் நின்றார். காதில் வயர் இருந்தது. விரல் சட்டைப் பைக்குள் சக்கரத்தின் மேல் இருந்தது. என் முகத்தைப் பார்த்துப் பயந்து, என்ன தப்புச் செய்தோம் என்று கேட்பதற்காக எழுந்து வந்திருக்கிறார். எனக்காக மெஷினைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர்தான் முதலில் அசைந்தார். காதிலிருந்து வயரை எடுத்தார். அதைச் சுருட்டி மெஷினோடு சேர்த்து என் ஈரக் கையில் வைத்தார்.

"கட்டை தீந்து போச்சு" என்றார். "என்ன ஏதுன்னு கேக்கலாம்னுதான் வந்தேன். ஒண்ணும் கேக்கல." உள்ளே போய்விட்டார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. பிறகு சார்ஜ் ஏற்றலாம் என்று அந்தக் கட்டையை எடுத்து, கட்டை அளக்க வீட்டில் வைத்திருந்த மீட்டரில் வைத்தேன். மீட்டரின் முள் விறுட்டென்று எழுந்து ஒன்றரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது, முழுக் கட்டைக்கு உள்ள அளவு. வயரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தேன். அங்கேயே நின்றது. துத்தம் படாத பழைய கஞ்சியில் செய்த கட்டை அது. என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிக நல்ல கட்டை. அது தீரவில்லை.

அந்த வாரமே அவர் மில் பட்டறையில் சொல்லிக் கிணற்றுக்கு இரும்பு வலையில் ஒரு மூடி செய்து கொண்டுவந்து போட்டார். நடுவில் வாளி போக மட்டும் ஒரு திறப்பு. "பூனை விழுந்துரும்" என்றார். எங்கள் தெருவில் பூனைக்குப் பஞ்சமில்லை. நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. என் நினைப்பெல்லாம் அந்த மீட்டர் முள்ளில் இருந்தது.

அதற்குப்பிறகு நான் முழுநேர ஆராய்ச்சிக்கு எங்கும் போகவில்லை. ஆனால் கட்டை செய்வதை விடவில்லை. வைராக்கியம் என்று சொல்லலாம், பாவத்துக்குப் பரிகாரம் என்றும் சொல்லலாம். கஞ்சியை நானே காய்ச்சப் பழகினேன். மாவின் அளவை மாற்றினேன், கட்டுத்துணிக்குப் பதில் நெருக்கமாக நெய்த துணி போட்டேன், கிராம்பை இடித்துப் போட்டால் பூசணம் பிடிப்பதில்லை என்று கண்டுபிடித்தேன். ஐம்பது தடவை ஓடியது. எழுபது ஓடியது. ஒவ்வொரு புதுக் கட்டையையும் அவர் அலமாரியில் கொண்டுபோய் வைப்பேன். சந்தோஷமாக எடுத்துக்கொள்வார். மகள் பேசினால் போடுவார். தன் தங்கச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தால் போடுவார். நான் போய் எதிரில் உட்கார்ந்தால் விரல் பைக்குள் போகும், சக்கரத்தைப் பின்னால் தள்ளும்.

"கட்டை தீந்து போச்சுட்டி. நீ கத்தியே சொல்லு."

கோபமாகச் சொல்லமாட்டார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் தூங்கியபிறகு எடுத்து அளந்து பார்ப்பேன். ஒரு நாளும் தீர்ந்திருந்ததில்லை. ஒரு மனுஷன் கோபப்பட்டால் சண்டை போடலாம். இவரிடம் நான் என்ன செய்வது? அன்றைக்குக் கேட்டதா என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். எனக்குப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப்பிறகு எந்த முகத்தோடு அவருக்குச் சோறு போடுவது? முதுகுக்குப் பின்னால் பேசுவதை மட்டும் அடியோடு விட்டேன். பால் பொங்கினால் துணியை எடுத்துத் துடைத்தேன். வீடு அமைதியாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

இப்படி ஒன்பது வருஷம். கடைகளில் நல்ல கட்டைகள் வர ஆரம்பித்தன. மகள் மதுரைக்குப் படிக்கப் போனாள். அவள் இல்லாத வீட்டில் மெஷினுக்கு வேலை இல்லை. நான் செய்த கட்டைகள் அலமாரியில் கிடந்து, கஞ்சி காய்ந்து ஓடாகின.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மகளுக்குத் தந்தி அடித்தோம். மறுநாள் மத்தியானம் அவர் கையைக் காதுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். எனக்குப் புரியச் செத்த நேரம் ஆயிற்று. வீட்டுக்கு ஓடி மெஷினை எடுத்தேன். என் கட்டை ஒன்றுகூட உயிரோடு இல்லை. பாய் கடைக்கு ஓடினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், பெட்டியைப் பிரித்துப் புதிதாக ஒன்றை எடுத்துத் தன் மீட்டரில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார்.

மகள் இன்னும் வந்து சேரவில்லை. அவளுக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "பாப்பா பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கா" என்று வாயை அசைத்துச் சொன்னேன். அவர் தானே வயரைக் காதில் வைத்துக்கொண்டார். சக்கரத்தைத் திருப்பினார். மெஷின் கீச்சென்றது.

"பேசு" என்றார்.

ஒன்பது வருஷம் கழித்து எனக்காக அதைத் திருப்பியிருக்கிறார். நான் என்ன பேசுவேன்? மெதுவாகத்தான் கேட்டேன், எனக்கே அது என் குரல் மாதிரி இல்லை. "அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என்னைக்கு?"

"துத்தம் போட்ட அன்னைக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு ஏறி இறங்கியது. பிறகு அதே சிரிப்பு, வாயைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"அன்னைக்கா? அன்னைக்குத்தான் கட்டை தீந்து போச்சுல்லா. எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "கெணத்து மூடிய மட்டும் எப்பவும் எடுத்துராதட்டி. என்ன? நான் இல்லைன்னாலும் அது அங்கனயே கெடக்கட்டும்."

நான் தலையை ஆட்டினேன். கட்டை புதுசு. நான் அழுதது அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.